பத்து ரூபாய் உறுதிமொழி

“பத்து ரூவா காயினா? செல்லாது புள்ள. அடுத்த ஆளு வா!”

கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த இசக்கிப்பாண்டி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடமோ, ராயபுரத்தில் நாணயங்களுக்கென்றே நடக்கும் ஒரு காட்சியகம். செல்லாமல் போய் முந்நூறு வருஷமான டச்சுக்காரன் காசைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்கு போட்டுக் காட்டுகிற இடம்.

உள்ளங்கையில் ஐந்து பத்து ரூபாய்க் காயின்களோடு நின்ற மகிழினி நகரவில்லை. திருவொற்றியூரிலிருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் வந்த நாற்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ஐம்பது ரூபாய் கட்டினால் ஒரு செப்பு வில்லையில் பிடித்த பெயரைச் சுத்தியலால் அடித்து, சொந்தமாக ஒரு காசு செய்து எடுத்துப் போகலாம். ஒரு வாரமாக அவளுக்கு இதே நினைப்பு.

“அங்கிள், இது ஒரிஜினல் அங்கிள். பத்து கோடு கீது, எண்ணிப் பாரு!”

“கோடு கெடக்கட்டும். இத வெளிய எவன் வாங்குதான்? நோட்டு இருந்தா குடு.”

“நோட்டு இல்ல அங்கிள். எங்கம்மா ஸ்டேசனாண்ட சுண்டல் விக்குது. எல்லாரும் அது தலைல இதத்தான் கட்டிட்டுப் பூட்றாங்க. போட்டு வெக்கிற ஊறுகா பாட்டிலே ரொம்பிப் போச்சு. வண்ணாரப்பேட்டை மளிகைக் கடைக்காரரு தொடக்கூட மாட்டேன்றாரு.”

“அப்போ இங்க எதுக்குக் கொண்டாந்தே?”

“காசுக்குன்னே ஒரு மியூசியம் கீதுன்னா, அங்ககூடவா செல்லாமப் பூடும்னு எங்கம்மாதான் குடுத்து வுட்டுச்சு!”

வரிசை மொத்தமும் சிரித்தது. வகுப்பாசிரியர் சாலமோனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “தள்ளும்மா, நான் கட்டிடறேன்” என்று பர்ஸை எடுத்தார்.

“வேணாம் சார். எங்கம்மா காசுலதான் அடிப்பேன்.”

மகிழினிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற பீம்ராவுக்கு அது பொறுக்கவில்லை. ஹாலே அதிரும்படி கத்தினான்.

“மேடம்! ஓடியாங்க! அங்கிள் கவர்ன்மென்ட் காசையே செல்லாதுன்றாரு!”

பெர்சிஸ் மேடம் ஓடிவந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது இங்கே அவள் வேலை. காலையிலிருந்து கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும் குரல் தானாகத் திறந்துகொண்டது.

“என்ன இசக்கி அண்ணே? நாமளே இப்படிச் சொன்னா ஊர்ல இருக்கிறவன் என்ன சொல்லுவான்? எத்தனை டிசைன்ல வந்தாலும் அத்தனையும் செல்லும். வாங்க மாட்டேன்னு சொல்றது தப்பு. வாங்குங்க!”

பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் யாரைத்தான் சும்மா விட்டது? பெர்சிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறிவிட்டாள்.

“எல்லாரும் வலது கையை நீட்டுங்க! நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லணும். அரசாங்கத்தோட எந்தக் காசையும்...”

“அரசாங்கத்தோட எந்தக் காசையும்!”

“செல்லாதுன்னு சொல்ல மாட்டேன்!”

“சொல்ல மாட்டேன்!”

“யார் குடுத்தாலும் சிரிச்சுக்கிட்டே வாங்குவேன்!”

“சிரிச்சிக்கினே வாங்குவேன்!”

“அண்ணே, நீங்களும்தான். கையை நீட்டுங்க.”

இசக்கிப்பாண்டி வலது கையை நீட்டினார். மகிழினி அதே கையில் ஐந்து காயினையும் வைத்துவிட்டாள். ஹாலில் விசில் பறந்தது. அடித்தது சாலமோன் சார்தான் என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அப்புறம் என்ன, டங்! டங்! டங்! மகிழினி அடித்த அடியில் ‘அம்மு’ என்று அவள் அம்மா பெயர் வில்லையில் விழுந்தது. ‘அ’ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் அதைக் கடித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், எல்லாரிடமும் நீட்டினாள்.

“இது எங்க செல்லும், சொல்லு பாப்போம்?”

“உங்க வூட்ல செல்லும்!” என்றான் பீம்ராவ்.

மாலை நாலு மணி. பிள்ளைகள் வாசலில் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டி பஸ்ஸுக்காக நின்றார்கள். பெர்சிஸ் கைப்பையை மாட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள்.

“அண்ணே, ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறையே இல்ல. இந்த நூறை மாத்திக் குடுங்க.”

இசக்கிப்பாண்டி ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து வைத்தார். அதன்மேல் ஒன்று, இரண்டு என்று நிதானமாக ஐந்து பத்து ரூபாய்க் காயின்களை அடுக்கினார்.

பெர்சிஸ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ, இதுவா? இதை எந்த ஆட்டோக்காரன் வாங்குவான்? விளையாடாதீங்கண்ணே, நோட்டா குடுங்க.”

இசக்கிப்பாண்டியின் பார்வை அவள் தோளைத் தாண்டி வாசலுக்குப் போனது. பெர்சிஸ் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் நாற்பது வலது கைகள் நீட்டியபடி இருந்தன. எல்லாருக்கும் முன்னால் நின்ற மகிழினி, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

“சிரிச்சிக்கினே வாங்கணும், மேடம்!”