தூசி குறைவான பேட்

"பிரேக் பேடு இன்னும் பாதிக்கு மேல இருக்கேக்கா! நல்லா இருக்கறதைக் கழட்டிட்டுப் புதுசு போடணும்னு எதுக்கு ஒத்தைக்கால்ல நிக்கறீங்க?"

மெக்கானிக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, டார்ச்சும் கையுமாக நிமிர்ந்தார். பதினாறு வருஷத்துக் கார். பெயின்ட் அங்கங்கே மங்கியிருந்தது. சக்கரத்திலோ விரலால் பெயர் எழுதலாம் போலக் கறுப்புப் படிந்திருந்தது.

"பிரேக் பிடிக்குதான்னு நான் கேக்கலை தம்பி. இந்தக் கரி எங்கேருந்து வருது? பின்சக்கரத்துல இல்லையே, முன்னால மட்டும் ஏன்?"

மெக்கானிக்குக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வண்டி கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் 'எப்ப ரெடியாகும்' என்பதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

"முன்னால டிஸ்க் பிரேக்கு. இந்த இரும்புத் தட்டை ரெண்டு பக்கமும் பேடு அழுத்திப் பிடிக்கும். ஒவ்வொரு தடவை மிதிக்கறப்பவும் கொஞ்சம் தேயும். அந்தத் தூள்தான் சக்கரத்துல ஒட்டிக்குது. பின்னால இருக்கறது மூடின டிரம்மு, வெளிய தெரியாது."

"இவ்வளவு வருதே, ஏதாவது கோளாறா?"

"அதையும் பார்த்துட்டேன். பேடு விலகாம ஒட்டிக்கிட்டே இருந்தா தூசி ஜாஸ்தி வரும். இங்க பாருங்க." டிஸ்க்கைக் கையால் சுற்றிவிட்டார். உரசல் இல்லாமல் சுற்றியது. "தட்டும் தேயலை, கோடும் விழலை. வண்டி மேல தப்பே இல்லை. இந்த ரகப் பேடே இப்படித்தான். இரும்புத்தூள் கலந்தது."

"தூசி வராத ரகம் இருக்கா?"

"வராததுன்னு ஒண்ணு கிடையாதுக்கா. கம்மியா வர்றது உண்டு." அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். "செராமிக். வர்ற கொஞ்சமும் வெளிர் சாம்பல் கலர்ல இருக்கும், கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. கீச்சு கீச்சுன்னு கத்தவும் கத்தாது. பாரம் ஏத்திக்கிட்டு மலை ஏறி இறங்கற வண்டின்னா யோசிக்கணும். ஆபீஸ் போய் வர்ற வண்டிக்கு இது தாராளம்."

அவர் கழற்றிக் கொடுத்த பழைய பேடையும் புதியதையும் அவள் கைக்கொன்றாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அளவு, வளைவு, ஓட்டை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"இதையே போட்டுடுங்க. அவர் ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கார். நாளன்னைக்கு வர்றதுக்குள்ள முடியணும். அவருக்குத் தெரியவே கூடாது."

மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "சாருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா விடுவாரா? இந்த வயசுல எனக்கு ரெண்டு சக்களத்தி, தம்பி. இதோ, இந்த முன்சக்கரம் ரெண்டும்தான்." சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். போகப்போகச் சிரிப்பு காணாமல் போயிற்று. "வாரத்துல ஆறு நாள் ஆபீஸ். வந்தா சாப்பாடு, தூக்கம். பிள்ளைங்களும் பக்கத்துல இல்லை. எங்களுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அன்னைக்கும் விடிஞ்சதும் ஒரு வாளி, ஒரு துணி, ஒரு பழைய டூத்பிரஷ். இந்தக் கரியைத் தேய்க்க உக்காந்தார்னா மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். உள்ள நான் தன்னந்தனியா குக்கர் விசிலை எண்ணிட்டு நிக்கறேன். கரியே வரலைன்னா உள்ள வந்து எங்கூட ரெண்டு வார்த்தை பேசுவார்ல? அவ்வளவுதான் என் ஆசை."

மெக்கானிக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பழசே இருக்கட்டுமேக்கா" என்றார் கடைசியில்.

அவளுக்குப் பொறி தட்டியது. "இந்தப் பழசை யார் போட்டது?"

"நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி."

"அப்ப இந்த செராமிக் கடையில இல்லையா?"

"இருந்தது."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன்..." மெக்கானிக் மென்று விழுங்கினார். "சார் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா."

"நான் யாரோவா?"

இதற்கு மேல் அவரால் மழுப்ப முடியவில்லை. "எதுல தூசி ஜாஸ்தி வருமோ, அதையே போடுன்னு கேட்டு வாங்கிப் போட்டாரு. இத்தனை வருஷத்துல என்கிட்ட அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்ததை மேஜைமேல் வைத்தாள். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் தன்னோடு உட்காரப் பிடிக்காமல் கரியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

"அப்ப என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமதான்..." முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயையோ, அழாதீங்கக்கா! எனக்கும் மண்டை குடைஞ்சுது, விடாம காரணம் கேட்டேன்." மெக்கானிக் பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னாரு. 'அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழதான் காரை நிறுத்தறேன். ஞாயித்துக்கிழமை சமைக்கறப்ப அவ பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருப்பா. நான் உள்ள காலை வச்சா டக்குனு நிறுத்திடுவாய்யா.'"