வாசனை வராத கோழி

கோழியைக் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துத்தான் கொண்டுவந்தாள் பேபி.

"கீழ கேட்டாங்க, பையில இன்னான்னு. முருங்கக்கீரைன்னு சொல்லிட்டு ஏறி வந்துட்டேன். இந்தா கண்ணு, நீ கேட்ட மாதிரியே தோலோட வாங்கியாந்துகீறேன்."

தீபிகா வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். ஐந்தாம் மாதம். தலைச்சன் பிள்ளை. ஒரு வாரமாகக் கனவில்கூடக் கோழிதான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் அது 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டிய வீடு. மேனாம்பேடு முழுக்க வீடு தேடி அலைந்து சலித்து, "நாங்க சுத்த சைவம்" என்று அவள் கணவன் கோகுல்நாத் கூசாமல் புளுகித்தான் இந்த மாடி போர்ஷனைப் பிடித்திருந்தான். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்துக்கு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். வயிற்றுப் பிள்ளையோடு மறுபடி தெருத் தெருவாக யார் அலைவது?

ஆசை யாரை விட்டது? ஆன்லைனில் ஏர் ஃப்ரையர் வாங்கிவிட்டாள். எண்ணெய் வேண்டாம், புகை வராது, வாசனை வெளியே போகவே போகாது என்று யூடியூபில் ஒரு பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

கீழ் வீட்டிலும் மேல் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிறவள் பேபி. ரகசியம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான்.

"எண்ணெயே இல்லாம பொரிக்கறதா? அப்பால அது கோழியா, வறட்டியா?"

"சும்மா இருங்க பேபிக்கா. எல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்."

தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை எல்லாம் பிசறி ஊறவைத்தாள். கூடையில் நெருக்கியடித்து அடுக்கினாள். சூட்டைக் கடைசி வரைக்கும் திருகினாள்.

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம். தோலோடு வேகிற கோழியை மறைக்க முடியுமா? தோலிலிருந்த கொழுப்பெல்லாம் உருகி அடித்தட்டில் சொட்டிக் கருகியது. ஜன்னல் வழியாகப் புகை கிளம்பியது. கூடவே வாசனையும். மேனாம்பேடே மூக்கை உறிஞ்சும் வாசனை.

"தீபிகா! கதவைத் திற!"

பஞ்சவர்ணத்தின் குரல்.

"பேபிக்கா, போச்சு. வீடு போச்சு."

"சத்தம் போடாத. போய்க் கட்டில்ல படு. வயித்துல புள்ளைய வெச்சிகினு நீ எங்க போவ?" பேபி மிஷினை நிறுத்திவிட்டு, பாதிக் கறியை அள்ளித் தன் சோற்று டப்பாவில் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்ததும் அவளே முந்திக்கொண்டாள். "நான்தாம்மா. ஊட்லருந்து கொண்டாந்த கறிய இதுல வெச்சி சூடு பண்ணேன். தீஞ்சிப்போச்சு. தீபிகாவுக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிகினு கீது."

"ஏண்டி, உனக்கு என்ன நெஞ்சழுத்தம்! யார் வீட்டுல வந்து என்ன காரியம் பண்ணியிருக்கே?"

வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. பேபி தலையைக் குனிந்து நின்றாள். பத்து வருஷமாகப் பஞ்சவர்ணத்தின் எச்சில் தட்டைத் தேய்த்தவள்.

"நாளையிலருந்து என் வீட்டுக்கு வராதே. தீபிகா, இங்க வா. நீ என்ன சொல்றே இவள?"

தீபிகா எழுந்து வந்தாள். பேபி மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். வீட்டைக் காப்பாற்றியாகிவிட்டது. இனி, 'போனால் போகிறது ஆன்ட்டி, தெரியாமல் செய்துவிட்டாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேல் வீட்டு வேலையாவது நிற்கும். அதற்குத்தான் அந்தப் பார்வை.

தீபிகா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கர்மம்! இந்த நாத்தத்துல எனக்கு வாந்தியே வந்துடுச்சு ஆன்ட்டி. இவ இப்படிப்பட்டவன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இனிமே மாடிப்படி ஏறவே விடமாட்டேன்."

"அந்த மிஷினை?"

"மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவிடறேன் ஆன்ட்டி."

பேபி டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கேட் வரைக்கும் பஞ்சவர்ணத்தின் வசவு அவள் கூடவே போனது.

தீபிகா கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்தினாள். பசி வயிற்றைக் கிள்ளியது. சமையலறையில் ஒரு குண்டான் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால், தீயாத துண்டாகப் பார்த்துப் பொறுக்கி அவளுக்கென்று ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள் பேபி.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த தெருவிலிருக்கும் தோழிக்கு போன் போட்டாள் தீபிகா.

"கார்த்திகா, வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேணும்டி. உடனே."

"ஏன், பேபிக்கா என்ன ஆனாங்க? தங்கமான மனுஷியாச்சே!"

"அந்தக் கதைய ஏன் கேக்கறே?" தொடை எலும்பை நன்றாகக் கடித்து உறிஞ்சிவிட்டுத் தீபிகா சொன்னாள். "இந்தத் தடவை சுத்த சைவமா ஒரு ஆளாப் பாத்து அனுப்பு. கறி திங்கற ஆளுங்கள நம்பி வீட்டுக்குள்ள விட முடியலடி!"