பதினாறு, பதிமூன்று, ஒன்பது

"கம்பெனிக்காரன் சொல்ற மைலேஜ் எல்லாம் காகிதத்துலதான் ஓடும். நம்ம ஊர் ரோட்டுல ஓட்டிப் பார்த்தாத்தான் வண்டவாளம் தெரியும்" என்றபடி மாணிக்கவாசகம் சின்ன காரின் பின்சீட்டில் ஏறினார். மடியில் டைரி. பக்கத்தில் மனைவி சந்திரிகா, பட்டுப்புடவையும் கனத்த கட்டைப்பையுமாக.

தி.நகர் ஷோரூமின் விற்பனையாளன் பிரபு ஸ்டியரிங்கைப் பிடித்தான். "சார், சாயங்காலத்துக்குள்ள ஒரு வண்டியாவது புக் ஆகலைன்னா நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாரு மேனேஜர். பார்த்துச் செய்ங்க சார்."

"முப்பத்தஞ்சு வருஷம் கவர்மெண்ட்ல டெண்டர் பார்த்தவன்யா நான். சின்னது, நடுத்தரம், பெரிசு மூணையும் ஓட்டி, விஞ்ஞானபூர்வமா முடிவு பண்ணுவேன். நீ ஓட்டு."

மந்தைவெளியில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். "என் தம்பி வீடு. ஏசியை அணைக்காதே. நின்ன இடத்துல எவ்வளவு குடிக்குதுன்னு பார்க்கணும்."

முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பதி காபி வாசனையோடு திரும்பினார்கள். லிட்டருக்குப் பதினாறு என்று டைரியில் ஏறியது.

அடுத்தது டிக்கி வைத்த செடான். அடையாறில் மைத்துனர் வீட்டு வாசல், மறுபடியும் முக்கால் மணி நேரம். "பதிமூணு" என்று உதட்டைப் பிதுக்கினார். சந்திரிகாவின் நெற்றிக் குங்குமம் ஒரு சுற்று பெருத்திருந்தது. கட்டைப்பை ஒரு சுற்று இளைத்திருந்தது.

"கொட்டிவாக்கத்துக்குப் பெரிய வண்டிதாங்க. அங்க என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார்" என்றாள் சந்திரிகா கறாராக.

"அவர் இருந்தா மைலேஜ் கூடுமாம்மா?" என்றான் பிரபு.

"கடல் காத்து எதிர்ல அடிக்கும்யா. பெரிய வண்டிதான் தாங்கும்" என்று மாணிக்கவாசகம் விஞ்ஞானத்தை விளக்கினார்.

எஸ்யூவி ஒன்பதுதான் தந்தது. சகலை வீட்டு வாசலில் அவர் கார்க் கதவை இரண்டு முறை சாத்தினார். முதல் முறை உள்ளே கேட்கவில்லை.

மாலையில் ஷோரூமுக்குத் திரும்பியதும் டைரியை மூடினார். "பதினாறு, பதிமூணு, ஒன்பது. எதுவுமே திருப்தியா இல்லைப்பா. யோசிச்சுச் சொல்றேன்."

சந்திரிகா கட்டைப்பையின் அடியிலிருந்து கடைசிக் கவரை எடுத்து நீட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள். "எங்க பொண்ணு கல்யாணம். குடும்பத்தோட வந்துடுப்பா. இந்த வெயில்ல ஆட்டோ புடிச்சுப் பத்திரிகை வச்சிருந்தா நாங்க செத்தே போயிருப்போம்!"

பிரபுவுக்குக் கோபம் வரவில்லை. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேசைமேல் மூன்று படிவங்களை வரிசையாகப் பரப்பினான்.

"நீங்க உள்ள காபி சாப்பிடறப்போ, ஒவ்வொருத்தரா ஏதோ சாக்கு சொல்லிட்டு வெளிய வந்து வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருந்தாங்க சார். 'எடுக்கப்போறாரா?'ன்னு கேட்டாங்க. 'மைலேஜ் பாக்கறாரு'ன்னேன், அவ்ளோதான். உங்க தம்பி செடான் புக் பண்ணிட்டாரு. மச்சினர் எஸ்யூவி. சகலைக்கு அதுவும் பத்தல, அதுல டாப் மாடல்."

மாணிக்கவாசகம் டைரியைத் திறந்தார். ஒன்பதுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து மூடினார்.

பிரபு பெரிய வண்டியின் பின்கதவைப் பணிவாகத் திறந்து பிடித்தான்.

"பத்திரிகை வைக்க இன்னும் எத்தனை வீடு பாக்கி, சார்?"