சிவப்புக் கொடி

"அந்தப் பொம்பளைய யாரு கூப்பிட்டது?"

கம்போங் ராஜா மண்டபத்தில் விமலன் போட்ட சத்தத்தில், மீஹூன் தட்டோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் விக்னேஸ்வரி நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. கழற்றிய ஒரு செருப்பு கீழே, இன்னொன்று காலில்.

"நான்தாண்ணே கூப்பிட்டேன்" என்றாள், விழா ஏற்பாட்டைக் கவனித்த சசிரேகா. "ஆரம்பத்துல டிராக் ரேஸ்ல கொடி காட்டுனது அவங்கதான்லா. பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பழைய ஆளுங்கள கூப்பிடச் சொன்னேன். துரோகியக் கூப்பிடச் சொல்லல!"

மோட்டர் சைக்கிள் ரேஸ் பைத்தியம் பிடித்து அலைந்த அந்தக் காலத்து ரசிகர்களின் ஒன்றுகூடல் அது. எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள். கோஸ் ஏற்றிய லோரியில் தொற்றிக்கொண்டு மலையிறங்கி, ஈப்போ பக்கம் போய் ரேஸ் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டித் திரும்பியவர்கள். இன்று பாதிப் பேருக்கு முட்டி வலி.

காலையிலிருந்து ஒரே பேச்சுதான்.

"இப்ப நடக்கறதெல்லாம் ஒரு ரேஸா? லைட்டு, கம்ப்யூட்டரு, ஸ்பான்சரு... நம்ம காலத்துல ரோட்டுல ஒரு சுண்ணாம்புக் கோடு. ரெண்டு மோட்டர். நடுவுல ஒரு கொடி. டூ-ஸ்ட்ரோக் புகை மூஞ்சில அடிக்கும் பாரு, அதான்லா ரேஸ்!"

"அந்தக் கோட்டுல நம்ம ராஜாண்ணன் வந்து நின்னா, புலி நிக்கற மாதிரி இருக்கும்."

அந்த ராஜாண்ணன், ராஜநாயகம், மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை. கடைசியாக வந்த அந்த ஃபைனலில்கூட அவர் தோற்கவில்லை. அவரை ஓடவே விடவில்லை.

இரண்டு மோட்டரும் கோட்டில் உறுமிக்கொண்டு நிற்கும்போது, விக்னேஸ்வரி சிவப்புக் கொடியைத் தூக்கினார். நேராக ராஜநாயகத்தைக் காட்டி, "கொடி காட்டறதுக்கு முன்னாலயே நகர்ந்துட்டாரு. வெளிய போகலாம்" என்றார். எதிராளி லோகேஸ்வரன் தனியாக ஓடிக் கப்பைத் தூக்கிக்கொண்டு போனான். லோகேஸ்வரன் விக்னேஸ்வரியின் சித்தப்பா மகன். ஊருக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

அதற்குப் பிறகு ராஜநாயகம் கோட்டுக்கு வரவே இல்லை. விக்னேஸ்வரியையும் யாரும் கொடி பிடிக்கக் கூப்பிடவில்லை.

விமலன் விக்னேஸ்வரியின் எதிரில் போய் நின்றார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?"

"எனக்கும் அந்த நாளுங்க பிடிக்கும் தம்பி. எல்லாரையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பிடிக்குமா? அத நாசமாக்குனதே நீங்கதான்! அன்னைக்கு உங்க மேல டின்ன விட்டெறிஞ்சது யாருன்னு தெரியுமா? நான்தான். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு நான் வருத்தப்படல!"

விக்னேஸ்வரியின் கை தானாகப் புருவத்துத் தழும்புக்குப் போனது.

"தெரியும்" என்றார்.

"அப்ப எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. ராஜாண்ணன் வண்டி நகர்ந்துச்சா, இல்லையா?"

விக்னேஸ்வரி மேடையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ராஜநாயகம் குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இல்ல" என்றார் விக்னேஸ்வரி. "கொஞ்சம்கூட நகரல."

அவ்வளவுதான். நாற்காலிகள் சாய்ந்தன.

"கேட்டீங்களா! அவங்க வாயாலயே வந்துடுச்சி!"

"ஒரு மனுஷனோட வாழ்க்கையவே கெடுத்துட்டு, எவ்ளோ சாதாரணமா சொல்றாங்க பாரு!"

"அப்புறம் எதுக்குக் கொடியத் தூக்குனீங்க? தம்பிக்குக் கப்பு வாங்கிக் குடுக்கவா?"

சசிரேகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, ஏதாச்சும் சொல்லுங்கக்கா..."

விக்னேஸ்வரி மறுபடியும் மேடையைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க."

அப்போதுதான் மைக் கரகரத்தது. ராஜநாயகம் எழுந்து நின்றிருந்தார்.

"போதும் விமலா. வயசானவங்கள நிக்க வச்சி இப்படிக் கேக்கறது நல்லால்ல. எனக்கு யாரு மேலயும் கோவம் இல்ல. நான் அவங்கள என்னைக்கோ மன்னிச்சிட்டேன்."

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. யாரோ விசில் அடித்தார்கள். விமலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா! மனுஷன்னா இவருதான்லா மனுஷன்! இவருக்குப் போயி துரோகம் பண்ண எப்படி மனசு வந்துச்சி?"

விக்னேஸ்வரி கழற்றிப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்க ஆளில்லை.

பஸ் ஸ்டாப்பில் மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம். திரும்பினார்.

ராஜநாயகம். சமையல்கட்டு வழியாக வந்திருந்தார். கழுத்தில் மாலை இல்லை. மண்டபத்துப் பக்கம் திரும்பி, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"இன்னும் என்ன ராஜா? அதான் மன்னிச்சிட்டியே" என்றார் விக்னேஸ்வரி. அன்றைக்கு முதல்முறையாக அவர் குரலில் சூடு இருந்தது.

ராஜநாயகம் சட்டென்று அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சிக்காதீங்கக்கா. அன்னைக்கு ரேசுக்கு முன்னால, டெண்டுக்குப் பின்னாடி வந்து, 'பயமா இருக்குக்கா, எப்படியாச்சும் என்னைய நிறுத்திடுங்க'ன்னு உங்ககிட்ட அழுதேன்ல... அத மட்டும் இவனுங்ககிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க!"