நோயாளியின் அலட்சியம்

நர்சுக்கு அந்தக் கண் மருத்துவமனையில் அன்றுதான் முதல் நாள். டாக்டர் நோயாளியிடம் எரிந்து விழுவதைப் பார்த்து அவளுக்கே கூசியது. நாற்பது வயதுப் பெண்மணியை வாய் கூசாமல் 'நீ' என்றுதான் பேசினார்.

"லேசர் பண்ணி ஆறே நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள கருவிழியில புண்ணு! முகத்துல தண்ணி பட்டுச்சா?"

"படவே இல்லை."

"கண்ணைக் கசக்கினியா?"

"இல்லை. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ என்னத்தைச் சொல்லப்போறே? என் கை பட்ட கண்ணு இதுவரைக்கும் கெட்டதே இல்லை. உங்களுக்கெல்லாம் சுத்தம்னா கிலோ என்ன விலை!" டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "கிருமி வந்ததுக்குக் காரணம், நோயாளியின் அலட்சியம். எழுதும்மா."

எழுதிவிட்டு நர்ஸ் படிவத்தின் அடுத்த கேள்விக்குப் போனாள். "வீட்டுல சொட்டு மருந்து யாரும்மா விட்டாங்க?"

"என் வீட்டுக்காரர். எனக்கு விடத் தெரியாதாம். பாட்டிலைத் தொடவே விடலை."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினாரா?"

"எங்கே! நாயைக் கொஞ்சிட்டு அந்தக் கையோடயே வந்து இமையைப் பிரிப்பார். கேட்டா, 'எனக்கே பாடம் எடுக்கிறியா'ம்பார்."

"பாவம், படிக்காதவரா?"

அந்தப் பெண்மணி நல்ல கண்ணால் எதிரே பார்த்தாள்.

"அதோ, உங்க டாக்டர் தலைக்கு மேல சட்டம் போட்டு மாட்டியிருக்கே, அதெல்லாம் அவர் வாங்கின பட்டம்தான். நோயாளிங்கறதை மட்டும் அடிச்சிடும்மா. அலட்சியம் இருக்கட்டும்."