குறுக்கே ஒரு வாய்

"அந்தப் பொண்ணை ஒரு வாக்கியமாவது முழுசாப் பேச விடறானா பாருங்க இந்த ஆளு!"

ஸ்டூடியோவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மேனேஜர் பல்லைக் கடித்தாள். அவள் அந்த வானொலி நிலையத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளர் காதில் விழாத மாதிரி எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலை அரட்டை. லொடுக்கு, சிட்டு. இரண்டும் வானொலிக்காக வைத்துக்கொண்ட பெயர்கள். அவருக்கு ஐம்பது வயது, அவளுக்கு இருபத்தாறு. ஊர் பல் தேய்க்கும் நேரம் முழுக்க இவர்கள் ராஜ்ஜியம்தான்.

"நேத்து ஒரு படம் பார்த்தேண்ணா. ஹீரோயின் தூங்கி எழுந்திரிக்கிறாங்க. தலை கலையலை, கண் மை கலையலை. நான் தூங்கி எழுந்தா எங்க வீட்டு..."

"நாயே அடையாளம் தெரியாமக் குரைக்கும்!" என்று பாய்ந்தார் லொடுக்கு.

ஜோக் அவளுடையது. சிரிப்பு அவருக்குப் போனது.

"பஸ்ல ஒருத்தர் போன்ல சத்தமாப் படம் பார்க்கறார்ணா. இறங்குற வரைக்கும் விடலை. நான் கண்டக்டரைக் கூப்பிட்டு..."

"பஸ் டிக்கெட் எடுத்தா படம் இலவசமான்னு கேட்டிருப்பே!"

மறுபடியும் அவர்தான். சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

இருபது வருஷ மீட்டிங்குகளில் அவள் வாயைத் திறந்தபோதெல்லாம், "அதாவது மேடம் என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று எவனாவது ஒருவன் ஆரம்பித்திருக்கிறான். அத்தனை பேரும் சேர்ந்து இப்போது லொடுக்குவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நேயர் ஒருத்தி லைனில் வந்தாள். "அண்ணே, அந்தப் பொண்ணைப் பேச விடுங்க. உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாத்தான் சரிப்படும்."

"போட்டுடலாம்க்கா. சாவியை நீங்களே வச்சுக்கங்க!"

கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கிறதா! மேனேஜர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போனாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு பேரும் அவள் மேஜை முன்னால் நின்றார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"திங்கட்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டாம் சார். சிட்டு தனியாப் பண்ணட்டும்."

லொடுக்கு முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு இல்லை. சிட்டுவின் முகம் வெளிறிப்போனது.

"சரிங்க மேடம்," என்றார் அவர். "ஆனா தனியா மட்டும் வேண்டாம். வேற யாரையாவது கூட உட்கார வைங்க."

"ஏன்? நீங்க இல்லாம அவங்களுக்குப் பேசத் தெரியாதா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்படி? மூணு வாரமா நானும் பார்க்கறேன். எது கேட்டாலும் இந்தப் பொண்ணு தலையாட்டிட்டுப் போயிடுது. ஒரு வார்த்தை பேசறதில்லை. இப்படி அடக்கி அடக்கி ஊமையாக்கி வச்சிருக்கீங்களே, வெட்கமா இல்லை?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்கிப் பழகின தலை.

"சிட்டு, நீங்க சொல்லுங்க."

"மேடம், இவரு என்னை..."

"அவளுக்கு இதுல ஆட்சேபணை ஒண்ணும் இல்லை மேடம்," என்று உள்ளே புகுந்தார் லொடுக்கு. "நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு..."

மேனேஜர் மேஜையில் ஓங்கி அறைந்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"என் கண்ணு முன்னாடியேவா! வாயை மூடுங்க! அவங்க பேசட்டும்!"

லொடுக்கு வாயை மூடினார்.

சிட்டுவின் உதடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. லொடுக்கு அவளைப் பார்க்கவும் முடியாமல், பேசவும் முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேனேஜருக்குப் பொறுமை போயிற்று.

"பயப்படாதீங்கம்மா. இவர் உங்களைப் பேசவே விடறதில்லை, அதானே? இவர் தொல்லை விட்டாப் போதும்னு..."

சிட்டு வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைவிட அதிகமாகக் கோபம் நின்றது.

"கு... கு... குறுக்க பே... பேசாதீங்க மேடம்!"



"வேணாம்மா," என்றார் லொடுக்கு மெதுவாக. "மூணு வருஷம் யாருக்கும் தெரியாம ஓட்டிட்டோம். என்னோட போகட்டும்."

சிட்டு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். மூச்சை இழுத்து விட்டாள். எத்தனை நேரம் ஆனாலும் இதைத் தானே முடிப்பது என்று நின்றாள்.

"அ... அண்ணன் கு... குறுக்க வந்த இடம் எல்லாம்... எ... எனக்கு வா... வா... வார்த்தை நின்னுபோன இடம் மேடம்."