ஒகேனக்கல் பாறையில் ஒரு பிணம்

மாதப்பன் டீயை ஊதி ஊதிக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாளே, அவர் மனைவி அமுதவல்லி டிவியில் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் காவேரிக்கு மனசு கேட்கவில்லை.

"எழவு வூட்டுல கொலப்படமாக்கா பாக்கறது? டாக்டருதான் கொலகாரன்னு அந்தத் தபால்காரன் துப்பறிஞ்சு கண்டுபுடிச்சிருவான். நிறுத்துங்க்கா."

"கொலகாரன் எவனா இருந்தா எனக்கென்ன? பொணத்தக் காட்டட்டும், இரு."

ஒகேனக்கல் பாறைமேல் ஓர் இளைஞனின் பிணம் கிடந்தது. காவேரி சிரித்துவிட்டாள். "பொணத்துக்கு நெஞ்சு ஏறி எறங்குதுக்கா!"

"'செத்த மாதிரி படுக்கக்கூடத் தெரியாதா'ன்னு டைரக்டர் இவரத்தான் திட்டுனாராம்." அமுதவல்லி சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினாள்.

திரையில் மாதப்பன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.